வெற்று ஓட்டம்

கொட்டாரம் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டு நிற்கிற யாரும் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "ஏட்டி ஜெனிலா, அந்த வண்டி சுத்தி வராதாமே, போன வழியேதான் திரும்பி வருமாமே?" ஆமாம், போன வழியேதான் திரும்பி வரும். "அதுக்கா இவ்வளவு இரும்பு?" இது அடுத்த கேள்வி. இரண்டு வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி என் வாயில் ஈரம் வற்றிவிட்டது. சுற்றுகிற ராட்டினம் வேண்டுமென்றால் கோயில் திருவிழாவுக்குப் போங்கள், என் உயிரை வாங்காதீர்கள் என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். அன்றிலிருந்து இஞ்சினியர் பிள்ளைக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு.

உங்களுக்கும் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்கக்கூடாது. அது ஷட்டில் கோஸ்டர், கேளிக்கைப் பூங்காவில் ஆட்களை ஏற்றி ஓட்டுகிற ரோலர் கோஸ்டரில் ஒரு வகை. நேர்கோடாக ஒரு தண்டவாளம், அதன் நடுவில் ஸ்டேஷன். முன்னால் எழுந்து நிற்கும் ஒரு பெரிய வளையம். வளையத்தைத் தாண்டினால் தண்டவாளம் வானத்தைப் பார்த்து ஏறி, எங்கும் போய்ச் சேராமல் அப்படியே முடிந்துவிடும். ஸ்டேஷனுக்குப் பின்னாலும் அதேபோல ஒன்று. தரைக்குக் கீழே இருக்கும் பாரச் சக்கரத்தை மோட்டார் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றும். அந்த வேகம் முழுவதையும் இரும்புக்கயிறு ஒரே இழுப்பில் வண்டிக்குக் கொடுத்துவிடும். வண்டி வளையத்தில் தலைகீழாகப் போய், முன்கோபுரத்தில் ஏறி, ஒரு நொடி நின்று, பின்பக்கமாகவே விழும். மறுபடி வளையம், மறுபடி தலைகீழ், நிற்காமல் ஸ்டேஷனைத் தாண்டிப் பின்கோபுரத்தில் ஏறும். அங்கிருந்து இறங்கி வரும்போதுதான் ஸ்டேஷனில் பிரேக் கவ்வி நிறுத்தும். எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து நொடி. மோட்டாருக்கு முதல் மூன்று நொடிதான் வேலை, மீதியெல்லாம் பூமியின் வேலை.

எங்கள் முதலாளி முகம்மது ஹனீபா கோட்டாறுக்காரர். மஸ்கட்டில் முப்பது வருடம் மரச்சாமான் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பியவர் சும்மா இருந்திருக்கலாம். வளைகுடாவில் ஒரு பூங்காவை மூடுகிறார்கள், அங்கே ஒரு கோஸ்டர் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, போய்ப் பார்க்காமலேயே வாங்கிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாரே என்று அவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்களாம். அந்த ஓணானை நிமிர்த்தி நிற்க வைக்கிற வேலைதான் எனக்கு வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு வருடம் மழையில் கிடந்ததில், எந்தத் துண்டு எதோடு சேரும் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டெல்லாம் கரைந்துபோயிருந்தது. ஒவ்வொரு துண்டையும் அளந்து, வளைவு பார்த்து, பொருத்தி, பொருந்தாமல் கழற்றி, மறுபடி பொருத்தி... சொல்லி மாளாது.

சுரண்டியபோது பெயின்டுக்கு அடியில் பெயின்டாக வந்தது. மேலே வளைகுடாவின் பச்சை, அதற்கு அடியில் மலேசியாவின் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் கடல் நீலம். அந்த நீலம்தான் அதன் முதல் நிறம். எழுபதுகளின் கடைசியில் ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடலோர ஊரில் முதன்முதலில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது பாரச் சக்கரம் கிடையாது. உயரமான ஒரு கூண்டுக்குள் பெரிய கான்கிரீட் கட்டியைத் தொங்கவிட்டு, அதைப் பட்டென்று விடுவித்தால், அது விழுகிற வேகத்தில் கயிறு வண்டியை இழுத்திருக்கிறது. சக்கரமெல்லாம் பிறகு வைத்தது. வண்டி எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் கடல் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, பாவம். உப்புக்காற்றுக்குத் தப்பவே இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவை வண்டியோடு வந்த காகிதக் கட்டுகள். தினமும் காலையில் ஆளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தாள் நிரப்ப வேண்டும். போல்ட், சக்கரம், பூட்டு, பிரேக் எல்லாம் பார்த்து டிக் போட்டு, ஆளில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கடைசியில் கையெழுத்து. இந்த ஆளில்லாத ஓட்டத்தை வெற்று ஓட்டம் என்போம். நாற்பத்து சொச்சம் வருடத்துத் தாள்களும் கட்டில் இருந்தன. எனக்குத் தெரியாத எழுத்துகளில் எத்தனையோ கையெழுத்துகள். மழை பெய்த நாளில் ஒருவன் மை கலங்கக் கையெழுத்துப் போட்டிருந்தான். வளைகுடாவில் ஒருவன் ஒரு மாதத்துத் தாள்களை ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் டிக் அடித்து வைத்திருந்தான். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாள்களை ஷிபுவுக்கு எடுத்துக் காட்டி, "இந்த மாதிரி ஆளை நிக்க வெச்சு அடிக்கணும்" என்றேன்.

ஷிபு எங்கள் பேனலில் பட்டன் அமுக்குகிறவன். திருவட்டாறு. நல்ல பையன்தான், ஆனால் எதைச் சொன்னாலும் "செரி மேடம்" என்பான். புரிந்ததா புரியவில்லையா என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

இனி என் அப்பா. பேர் ததேயுஸ். சின்னமுட்டத்தில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். முட்டி தேய்ந்து கடலுக்குப் போவது நின்றது, அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நான் சென்னையில் ஆறு வருடம் ஒரு பூங்காவில் இதே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எப்போது கேட்டாலும் "கஞ்சி குடிச்சேன் மக்கா" என்பார். காலையிலும் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. அந்தக் கஞ்சியைக் கேட்கச் சகிக்காமல்தான் ஹனீபா முதலாளி கூப்பிட்டதும் ஓடி வந்தேன். அப்பாவுக்கும் பூங்காவில் காவலாளி வேலை வாங்கிக் கொடுத்தேன். வண்டிக்குச் சான்றிதழ் கிடைத்தால் நான் ஊரிலேயே இருக்கலாம். இனியும் இழுத்தடித்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியாயிற்று. போட்டால் நான் மறுபடி சென்னை, அப்பா மறுபடி கஞ்சி.

காவலாளி என்றால் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா உட்காரவே மாட்டார். நாள் முழுக்க வண்டியையே சுற்றிச் சுற்றி வருவார். வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஒரு இரும்புத் தகடு உண்டு. ஸ்டேஷனில் இருக்கிற பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அந்தத் தகட்டைத்தான். அதனால் அதற்குப் பெயின்ட் கிடையாது. இத்தனை இரும்பில் வெறும் இரும்பாக நிற்பது அது ஒன்றுதான். இரவு உப்புக்காற்று பட்டால் காலையில் லேசாகச் சிவந்திருக்கும். வெற்று ஓட்டத்தில் கட்டை உரசினால் அந்தச் சிவப்பு போய்விடும். இந்த ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை.

"மக்கா, இந்த இரும்பு துருப்பிடிக்குது, கேட்டியா. ஒரு கோட்டு பெயின்டு அடிக்கப்பிடாதா?"

"அதுல பெயின்ட் அடிக்கக்கூடாதுப்பா."

"பின்ன வேற என்னத்தயாவது..."

"அதைத் தொடவே கூடாது. காலைல நான் தாள்ல கையெழுத்துப் போடுறதுவரைக்கும் வண்டிப் பக்கம் யாரும் கை வெக்கப்பிடாது. உங்களுக்கும் சேத்துத்தான்."

"உனக்க ஒப்பு விழுந்த பொறவு தொடலாமா?"

"அதுக்குப் பொறவு என்னவும் செய்யுங்க," என்றேன். அவர் வாயை அடைப்பதற்காகச் சொன்னது. ஒரு மனிதர் ஒரே விஷயத்தை எத்தனை தடவைதான் கேட்பார்?

சான்றிதழ் கொடுக்கிற ஆய்வாளர் சுந்தரராஜ் திருச்சியிலிருந்து வந்தார். மெலிந்த ஆள், சத்தம் போடாத ஆள். முதல் நாள் முழுக்க ஏணியும் டார்ச்சுமாகப் பார்த்தார். இருக்கைகளில் மணல் மூட்டை கட்டி ஒன்பது தடவை ஓட்டச் சொன்னார். ஒன்பது தடவையும் வண்டி கோடு போட்டதுபோல ஸ்டேஷனில் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கும்மா," என்றார் சாயங்காலம். "நாளைக்குக் காலைல உங்க தினசரித் தாளை முடிச்சு வைங்க. நான் ஒரு தடவை உக்காந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். பத்தரைக்கு நாகர்கோவில்ல ரயில்."

அவர் போனதும் முதலாளி ஆரம்பித்தார். பந்தல் போட வேண்டும், பிரியாணிக்குச் சொல்ல வேண்டும், வண்டியின் மூக்கில் பூமாலை போட்டால் கழன்று விழுமா விழாதா? நான் காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன், எனக்கு மாலையைப் பற்றியா கேட்பது? மாலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று கத்திவிட்டுப் பேனல் அறைக்குள் போனேன். நாளைத் தேதி போட்ட தாள் மேஜையில் கிடந்தது. போல்ட் எல்லாவற்றையும் இன்றைக்குத்தான் ஆய்வாளரோடு சேர்ந்து பார்த்தேன். சக்கரம் பார்த்தேன், பிரேக் ஒன்பது தடவை பார்த்தேன். நாளைக் காலையிலும் இதையேதான் எழுதப்போகிறேன். பேனாவை எடுத்து மேலிருந்து கீழே டிக் அடித்தேன். பிரேக் தகடு உலர்ந்து சுத்தமாக உள்ளது, டிக். வெற்று ஓட்டம் நடத்தப்பட்டது, காலை 6.30, டிக். கையெழுத்தும் போட்டுத் தாளைப் பலகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் ஆறரைக்கு உண்மையாகவே ஓட்டிவிடுவேன், கணக்கு நேராகிவிடும் என்பதுதான் என் நினைப்பு.

மறுநாள் ஆறேகாலுக்கு நான் பூங்காவுக்குள் நுழைந்தபோது முதலாளியின் கார் நின்றுகொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிடக்கூடாது என்று அவர் ஆய்வாளரை விடியற்காலையிலேயே அள்ளிக்கொண்டு வந்திருந்தார். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று கேட்கத் தோன்றியது. முதலாளியாகப் போய்விட்டார், கேட்கவில்லை.

இருவரும் டீ குடிக்கப் போய், நான் மோட்டாரைத் தயார் செய்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். சுந்தரராஜ் பிளாட்பாரத்தில் நின்று மூக்கைச் சுளித்தார். "ஏதோ மீன் வாடை அடிக்குதே மேடம்?"

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ வந்தது கோபம். சின்னமுட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு வளர்ந்தவள் நான். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த பிள்ளைகளை எனக்கு இன்றைக்கும் பேரோடு தெரியும். கல்லூரியிலும் கேட்டேன், சென்னையிலும் கேட்டேன். இப்போது என் வண்டியின் முன்னால், என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது, இந்த மனுஷனும் மூக்கைப் பிடிக்கிறாரா?

"கடக்கரைக்காரங்க வேலை செய்யுத இடம் சார். மீன் வாடை அடிக்காம மல்லியப்பூ வாடையா அடிக்கும்?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, அந்த அர்த்தத்துல கேக்கலைம்மா," என்றார். முதலாளி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், வாயை மூடு என்று அர்த்தம்.

"மக்கா, அது வந்து..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்களுக்காகத்தான் பேசுதேன்."

பேச்சை மாற்றுவதற்காக சுந்தரராஜ் பேனல் பக்கம் போய்ப் பலகையில் மாட்டியிருந்த தாளை எடுத்தார். "அட, முடிச்சே வெச்சுட்டீங்களா. ஆறரைன்னு போட்டிருக்கு?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தெட்டு. "இப்பத்தான் ஓட்டினீங்களா? நாங்க டீ குடிக்கப் போயிருந்தப்பவா? நல்லது, அப்ப ஏறிடலாம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சார், இன்னும் ஓட்டவில்லை, ஐந்து நிமிடம் கொடுங்கள். இதைச் சொன்னால் தாளில் டிக் எப்படி வந்தது என்று கேட்பார். அப்போதுதான் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கிறேன், அந்தச் சூட்டிலேயே தலையைக் குனிய எனக்கு மனம் வரவில்லை. நேற்று ஒன்பது தடவை நின்ற வண்டி இன்றைக்கு நிற்காமலா போய்விடும் என்று நினைத்துக்கொண்டு, "ஏறுங்க சார்" என்றேன்.

முன்வரிசையில் சுந்தரராஜ் உட்கார்ந்தார். நானும் வருவேன் என்று முதலாளி பக்கத்தில் ஏறிக்கொண்டார். இருக்கைப் பூட்டு இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். ஷிபு பட்டனை அமுக்கினான்.

போனது அழகாகத்தான் போனது. வளையம், முன்கோபுரம், பின்பக்கமாக இறக்கம், மறுபடி வளையம், ஸ்டேஷனைத் தாண்டிப் பின்கோபுரம். இறங்கி வந்தது. பிரேக் கட்டைகள் புஸ்ஸென்று மூடிக்கொண்டன. மூடிக்கொண்ட கட்டைகளுக்கு நடுவே தகடு வழுக்கிக்கொண்டு ஓட, வண்டி எங்கள் முன்னால் நிற்காமலேயே போய்விட்டது.

"மேடம், நிக்கல்ல," என்றான் ஷிபு.

"எனக்குக் கண்ணு இருக்கு ஷிபு."

வண்டி வளையத்தில் ஏறியது. முழுதாகச் சுற்றுகிற வேகம் இல்லை. பாதி உயரம் ஏறித் தயங்கி, பின்பக்கமாகவே இறங்கியது. விழாது, சக்கரங்கள் தண்டவாளத்தை மேலும் கீழும் பிடித்திருக்கின்றன, எங்கே நின்றாலும் கீழேதான் உருண்டு வரும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் என் கை தன்னால் பேனல் பக்கம் போயிற்று. பிரேக் ஏற்கனவே மூடித்தான் இருக்கிறது, அதற்கு மேல் அமுக்க ஒரு பட்டனும் இல்லை. தானாக ஓய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

ஸ்டேஷன் வழியாகப் பின்பக்கமாகப் போகும்போது, "என்னம்மா ஆச்சு?" என்றார் சுந்தரராஜ். நான் பதில் சொல்வதற்குள் பின்கோபுரத்துக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது "பிரேக் பிடிக்கல சார்" என்றேன். "அது தெரியுது, ஏன்?" என்று கேட்டுக்கொண்டே வளையத்துப் பக்கம் போனார். மறுபடி வந்தபோது "தெரியல சார்" என்றேன். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்த முதலாளி, அடுத்த சுற்றில் கண்ணைத் திறந்து, "பிள்ளே, நான் உனக்கு என்ன கொறை வெச்சேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஷிபு எண்ணிக்கொண்டிருந்தான். ஏழாவது தடவை கட்டைகளிலிருந்து புகை வந்தது. அந்தப் புகையோடு ஒரு மணமும் வந்தது. சட்டியில் சாளை மீன் பொரிகிற மணம், எங்கள் வீட்டில் நான் பிறந்த நாளிலிருந்து அடிக்கிற மணம். காலையில் திருச்சிக்காரருக்குத் தெரிந்த வாடை, அது பொரிந்து கருகின பிறகுதான் என் மூக்குக்குத் தெரிந்தது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

பதினோராவது தடவையில் எண்ணெய் எரிந்து தீர்ந்து கட்டை பிடித்தது. வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் பத்தடி தள்ளி நின்றது. ஏணி வைத்து இருவரையும் இறக்கினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முதலாளி தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவை வண்டிக்கு மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனேன். தகட்டின் ஓரத்தில், கட்டை படாத இடத்தில் விரலை வைத்தேன், வழுவழுவென்று இருந்தது.

"என்னத்தப்பா பூசினீங்க?"

"சாளை எண்ணெதான்." அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வள்ளத்துக்குப் பூசுவோம்லா, மக்கா. உப்பு ஏறாது. பெரிய ஆபீசரு வாறாரே, சிவந்து கெடந்தா உனக்குக் கொறச்சலாப் போயிருமேன்னு..."

"எப்பப் பூசினீங்க?"

"காலைல அஞ்சு மணிக்கு."

"தொடக்கூடாதுன்னு நான் சொல்லலியா? எத்தனை தடவை சொன்னேன்? மனுஷனுக்குச் சொன்னா வெளங்காதா? ரெண்டு வருஷம், நாய் மாதிரி ஒழைச்சு ரெண்டு வருஷம், ஒரு கை எண்ணெயில..." எண்ணெய் பட்ட விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை, குழம்பிப்போய் நின்றார்.

"ஒப்பு விழுந்த பொறவு தொடலாம்னு நீதானே மக்கா சொன்ன? ராத்திரி காவலுக்கு இங்கதானே கெடந்தேன். விடியமுன்ன கரைக்குப் போய் எண்ணெ கொண்டு வந்துட்டு முதல்ல போய்ப் பலகையப் பாத்தேன். இன்னைக்குத் தேதி, உனக்க ஒப்பு. வெள்ளனே வந்து முடிச்சிட்டுப் போயிட்டா போலன்னு நெனச்சேன். உனக்க ஒப்பு கெடக்கும்போ அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க?"

விரலைத் துடைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு நடந்தேன், அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

சுந்தரராஜ் பிளாட்பாரப் படியில் உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்திருந்தார். "என்னன்னு தெரிஞ்சுதா?"

"தகட்டுல மீனெண்ணெய் சார்," என்றேன். காலையில் அவரிடம் சண்டை போட்ட வாயால் அதைச் சொல்வதற்கு எனக்கு நாக்கு கூசியது. அவர் சிரிக்கவில்லை, பெரிய மனது.

"யாரோ விவரம் தெரியாம பூசியிருக்காங்க. வண்டில கோளாறு இல்லை, பராமரிப்புலயும் கோளாறு இல்லை. ஆறரைக்கு வெற்று ஓட்டம் சரியா ஓடினதுக்குத் தாள் இருக்கு. அதுக்கப்புறம் எண்ணெய் பட்டிருக்கு, அவ்வளவுதானே? ரயில் போனாப் போகுது. நல்லாத் துடைங்க, மத்தியானம் மணல் மூட்டை வெச்சு மறுபடி பாப்போம். சரியா நின்னா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். சம்பவ அறிக்கையில யார், எப்போன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

முதலாளிக்கு உயிர் வந்தது. எழுந்து வந்து என் காதோடு சொன்னார்: "பிள்ளே, ஆறரைக்கு மேல பூசினாருன்னு எழுதிரு. வாச்மேன் செஞ்சதுன்னா முடிஞ்சு போச்சு. ததேயுஸை நான் வெளியே விட்டிருவேனா? நம்ம கடைல வேற வேலை போட்டுக் குடுக்கேன்."

அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. "ஆமா மக்கா. ஆறரைக்கு மேலன்னே எழுது. எனக்க பேர எழுது. எனக்கு என்ன, வீட்ல இருந்து கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டுக் கெடப்பேன்."

மூன்று பேரும் எனக்கு நல்லது செய்கிறார்களாம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, காரணம் என்று போட்டிருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே ஒரு வரி. அதை எழுதினால் மத்தியானம் சான்றிதழ், வாசலில் பிரியாணி, நான் ஊரில். அப்பாவின் பேர் மட்டும் அந்தக் காகிதக் கட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டி இன்னும் எத்தனை ஊருக்குப் போனாலும் கூடவே போகும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளம் தள்ளி என்னைப் படிக்க வைத்த மனுஷன், சொன்னதைக் கேட்காத காவலாளியாக. அவர் சொன்னதைக் கேட்டார். என் கையெழுத்தை நம்பினார்.

உட்கார்ந்து எழுதினேன். ஆறு வரி வந்தது. வெற்று ஓட்டம் நடத்தப்படவில்லை. தாளில் உள்ள எல்லாக் குறிகளும் கையெழுத்தும் முந்தின நாள் மாலை ஆறேகாலுக்குப் போடப்பட்டவை. பணி முடிந்தது என்று அந்தக் கையெழுத்து அறிவித்ததால் தகட்டில் எண்ணெய் பூசப்பட்டது. காலையில் ஆய்வாளர் வாடையைச் சுட்டிக் காட்டியும் சோதித்துப் பார்க்கவில்லை. பொறுப்பு: ஜெனிலா, பராமரிப்புப் பொறியாளர்.

சுந்தரராஜ் வாங்கி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை வாங்கிட்டா என்னால இன்னிக்குச் சான்றிதழ் தர முடியாது. ஆறு மாசம் தள்ளிப் போகும். அதுவரைக்கும் உங்க கையெழுத்து செல்லாது. வேற இஞ்சினியரை வெச்சுத்தான் தாள் போடணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

முதலாளி "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு மாதம் அவர் பொறுப்பாரா, பழைய இரும்புக்காரனுக்குப் போன் போடுவாரா, எனக்குத் தெரியாது. ஷிபு கேட்காமலேயே ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டு வந்து வைத்தான். சொல்லாமல் அவன் செய்த முதல் வேலை அது.

அப்பா ஆய்வாளரிடம் தாளைக் கேட்டு வாங்கி, எட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தேடினார்.

"எனக்க பேரு இல்லியே மக்கா."

"இல்லப்பா."

"எண்ணெ பூசினது நான்லா."

"பூசலாம்னு முந்தின நாளே ஒப்பு போட்டுத் தந்தது நான்," என்றேன். துணியை நனைத்துப் பிழிந்து அவர் கையில் ஒன்று கொடுத்தேன். "இப்பத் தொடலாம்ப்பா, வாங்க."